வீட்டுக் கடன் மதிப்பீட்டில் தல ஆய்வின் இடம்

நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள் மிகப் பெரியது வீடு. அதற்கான தொகை முழுவதையும் கையிருப்பிலிருந்து கொடுக்க வல்லவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் வங்கியையோ வீட்டுவசதி நிதி நிறுவனத்தையோ நாடுகின்றனர். வாங்கப்போகும் வீட்டையே ஈடாக வைத்து, பதினைந்து அல்லது இருபது ஆண்டுகளில் திருப்பித் தருவதாக உறுதியளித்துக் கடன் பெறுகின்றனர். அந்த ஈட்டின் மதிப்பு என்ன என்பதைக் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு எடுத்துரைப்பது மதிப்பீட்டாளரின் அறிக்கையாகும். சில பக்கங்களே கொண்ட அந்த அறிக்கையின் மீதுதான் இருபது ஆண்டுக் கடன் நிற்கிறது.

வீட்டின் உள்ளே சென்று பார்த்து அளந்து மதிப்பிடுவதே நெடுங்கால வழக்கம். அண்மைக் காலத்தில் வேறு முறைகளும் பல நாடுகளில் பரவி வருகின்றன. தெருவில் நின்று வீட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தும், ஆவணங்களையும் படங்களையும் மேசைமீது வைத்து ஆராய்ந்தும், கணினிக் கணிப்பை மட்டுமே கொண்டும் மதிப்பிடுகின்றனர். காலமும் செலவும் மிச்சமாகின்றன என்பது இவற்றுக்குச் சாதகமாகக் கூறப்படும் வாதம். அதில் உண்மை உண்டு. ஆயினும் எந்தக் கடனுக்கு எந்த அளவு ஆய்வு போதும் என்பது முதலில் தெளிவுபெற வேண்டும். இக்கேள்வியை நம் நாட்டுச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீடு யாருக்காக?

அடமானம் என்பதன் இலக்கணத்தையும் வகைகளையும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆவது பிரிவு வரையறுக்கிறது. அவற்றுள் ஒன்று, உரிமை ஆவணங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானம். வீட்டுக் கடன்களில் பெரிதும் கையாளப்படுவது இதுவே. இதன்படி ஆவணங்கள் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கின்றன. வீடோ கடன் பெற்றவரின் அனுபவத்தில் இருக்கிறது. தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்படும்வரை அவ்வீட்டைச் சென்று பார்க்க நிறுவனத்துக்குத் தேவை எழுவதில்லை. எனவே ஈடாகப் பெற்ற பொருளைக் கடன் கொடுப்பவர் சார்பில் ஒருவர் கண்ணால் காண்பது, பல கடன்களில், மதிப்பீட்டின்போது ஒரே ஒருமுறைதான்.

தவணை நின்றுபோனால் நிலைமை மாறுகிறது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்ட பின்னர், 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே சொத்தைக் கைப்பற்றி விற்க நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. விற்பனைக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பீடு பெற்று, குறைந்தபட்ச ஏல விலையை நிர்ணயிக்க வேண்டும் என அதே ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆகவே கடனின் தொடக்கத்தில் எழுதப்பட்ட மதிப்பு, கடன் தவறும்போது ஏலக் களத்தில் சோதனைக்கு உள்ளாகிறது. முதல் மதிப்பு மிகையானதாக இருந்தால் அந்த மிகை, கடன் பெற்றவர் போட்ட சொந்தப் பணத்தை முதலில் விழுங்கும். எஞ்சியது நிறுவனத்தின் நட்டமாகும். வீட்டை இழந்த பின்னும் மீதிக் கடனுக்குக் கடன் பெற்றவர் பொறுப்பாளியாகவே இருப்பார்.

இந்த ஆபத்தைத் தாங்கும் மதிலாகவே கடன்–மதிப்பு விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கி 2015 அக்டோபரில் வெளியிட்ட விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட கடன்களுக்கு 75 விழுக்காடும் உச்சவரம்பு. எஞ்சிய 10, 20, 25 விழுக்காடு கடன் பெறுவோரின் சொந்தப் பங்கு. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். விகிதத்தின் மேற்பகுதியாகிய கடன் தொகை துல்லியமாகத் தெரிந்தது. கீழ்ப்பகுதியாகிய மதிப்போ ஒருவரது கணிப்பு. அக்கணிப்பு தவறினால், ஏட்டில் விதி மீறப்படாமலேயே மதில் இடிந்துவிடுகிறது.

கணிப்பு எவ்வாறு தவறுகிறது?

வீட்டின் மதிப்பைக் கணிக்க மூன்று வழிகள் உள்ளன. அண்மையில் விற்பனையான ஒத்த வீடுகளின் விலையோடு ஒப்பிடுவது முதல் வழி. நிலத்தின் விலையோடு, கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்துக் கூட்டுவது இரண்டாவது. கிடைக்கும் வாடகையை மூலதனமாக்கிக் காண்பது மூன்றாவது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு முதல் வழியும், தனி வீடுகளுக்கு இரண்டாவது வழியும் பெரிதும் பயன்படுகின்றன.

இரண்டாவது வழிக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாவட்டத் தலைநகரில் 1,200 சதுர அடி மனையில் ஒரு வீடு உள்ளது. நிலம் சதுர அடி 2,000 ரூபாய் எனில் அதன் மதிப்பு 24 லட்சம் ரூபாய். ஆவணத்தில் கட்டடப் பரப்பு 1,000 சதுர அடி. கான்கிரீட் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு 1,800 ரூபாய் செலவாகும் எனவும், கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு எனவும், இறுதியில் எஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு எனவும் வைத்துக்கொள்வோம்.

மதிப்பீட்டாளர் தெருவில் நின்று பார்க்கிறார். முகப்புக்குப் புதிதாகச் சாயம் பூசப்பட்டிருக்கிறது. வயது பத்து ஆண்டு என்று கணிக்கிறார். தேய்மானம் 15 விழுக்காடு. கட்டடச் செலவு 18 லட்சத்தில் 2 லட்சத்து 70 ஆயிரத்தைக் கழித்தால் 15 லட்சத்து 30 ஆயிரம். நிலத்தையும் சேர்த்து வீட்டின் மதிப்பு 39 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்.

அதே வீட்டின் உள்ளே செல்லும் மதிப்பீட்டாளர் வேறு காண்கிறார். பின்புறம் 300 சதுர அடி தகரக் கூரை வேய்ந்த பகுதி. அதற்குச் சதுர அடிக்கு 600 ரூபாய்க்கு மேல் மதிப்பிட இயலாது. கூரையின் அடிப்பகுதியில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்திருக்கிறது. குடும்பத்தாரை விசாரித்ததில் கட்டி 20 ஆண்டு ஆயிற்று என்று தெரிகிறது. கட்டடச் செலவு 14 லட்சத்து 40 ஆயிரம். தேய்மானம் 30 விழுக்காடு. எஞ்சுவது 10 லட்சத்து 8 ஆயிரம். வீட்டின் மதிப்பு 34 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்.

இரு மதிப்புகளுக்கும் இடையே வேறுபாடு 5 லட்சத்து 22 ஆயிரம். முதல் மதிப்பின் மீது 80 விழுக்காடு கடன் வழங்கினால் தொகை 31 லட்சத்து 44 ஆயிரமாகும். ஏட்டில் 80 விழுக்காடாகத் தோன்றும் இக்கடன், உண்மை மதிப்பில் 92 விழுக்காட்டுக்கும் மேலாகும். இதில் எவரும் பொய் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. முதல் மதிப்பீட்டாளர் பார்த்ததைச் சரியாகவே கணக்கிட்டார். பாராத பகுதியை ஆவணத்தையும் ஊகத்தையும் கொண்டு நிரப்பினார்.

ஆய்வின் படிநிலைகள்

குறைந்த ஆய்வு என்பது ஒரே முறை அன்று. அதில் படிகள் பல உண்டு.

முதற்படி முழு ஆய்வு. மதிப்பீட்டாளர் மனையின் எல்லைகளைச் சரிபார்த்து, அறைகளை அளந்து, சுவர், கூரை, குடிநீர், கழிவுநீர் ஏற்பாடுகளைக் காண்கிறார். வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிடுகிறார். குடியிருப்பவர் உரிமையாளரா வாடகைதாரரா என்றும் அறிகிறார்.

இரண்டாவது படி வெளிப்புற ஆய்வு. வீடு இருக்கிறதா, அதன் இருப்பிடம், அண்டை அயல், சாலை வசதி, மாடிகளின் எண்ணிக்கை ஆகியன இதில் தெரியும். உட்புற நிலைமை, பரப்பு, பின்புறக் கட்டுமானம், குடியிருப்பவர் யார் என்பவை தெரியா.

மூன்றாவது படி மேசை மதிப்பீடு. மதிப்பீட்டாளர் இடத்துக்கே செல்வதில்லை. பிறர் எடுத்தனுப்பிய படங்கள், தரை வரைபடம், முந்தைய மதிப்பீடுகள், விற்பனைப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார். தகவல் தருபவர் விற்பவராகவோ தரகராகவோ இருந்தால், மதிப்பு உயர்வதில் நாட்டமுடையவரின் கண்கொண்டே வீடு காணப்படுகிறது.

நான்காவது படி கணினிக் கணிப்பு. இதில் தனி மதிப்பீட்டாளரே இல்லை. அந்தப் பகுதியில் ஒத்த வீடுகளின் விலைகளைக் கொண்டு ஒரு வாய்பாடு மதிப்பைத் தருகிறது. ஒரே மாதிரியான பல நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் இது நன்கு பயன்படும். வாய்பாடு சராசரி வீட்டை அறியும். குறிப்பிட்ட இந்த வீட்டின் ஒழுகும் கூரையை அறியாது.

படி இறங்க இறங்கச் செலவு குறைகிறது, ஊகம் மிகுகிறது. ஊகம் செய்வது குற்றமன்று. எது கண்டது, எது ஊகித்தது என்று பிரித்துக் காட்டாமையே குறையாகும்.

அமெரிக்க அனுபவம்

குறைந்த ஆய்வு முறைகளை விரிவாகக் கையாண்டுள்ள நாடு அமெரிக்கா. அதன் அனுபவம் நமக்கு இருவகையிலும் பாடமாக அமைகிறது.

1986 முதல் 1995 வரையிலான காலத்தில் அங்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சேமிப்பு–கடன் நிறுவனங்கள் நொடித்தன. காரணங்கள் பல; மிகையான சொத்து மதிப்பீடுகளும் அவற்றுள் அடங்கும். அதன் விளைவாக 1989இல் இயற்றப்பட்ட சட்டம், மதிப்பீட்டாளர்களுக்கு மாநிலங்கள் உரிமம் வழங்குவதையும் பொதுவான தொழில் நெறிகளைப் பின்பற்றுவதையும் கட்டாயமாக்கியது. பின்னர், சிறு கடன்களுக்கு இந்த முழு நடைமுறை தேவையில்லை என விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கின் வரம்பு 1994இல் இரண்டரை லட்சம் டாலராக இருந்தது. வீட்டுக் கடன்களுக்கு அது 2019இல் நான்கு லட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. விலக்குப் பெற்ற கடன்களுக்கு எளிய மதிப்பாய்வு ஒன்று போதும்.

ஆய்வு முறை மட்டுமே மதிப்பீட்டின் நேர்மையைக் காப்பாற்றாது என்பதையும் அந்நாடு கண்டது. 2000 முதல் 2007 வரை ஏறத்தாழ 11,000 மதிப்பீட்டாளர்கள் கையெழுத்திட்ட முறையீடு ஒன்று அரசிடம் அளிக்கப்பட்டது. வேண்டிய மதிப்பை எழுதித்தருமாறு கடன் நிறுவனங்கள் வற்புறுத்துவதாகவும், மறுப்போருக்குப் பணி கிடைப்பதில்லை என்றும் அதில் முறையிட்டிருந்தனர். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பிறகே மதிப்பீட்டாளரின் சுதந்திரத்தைக் காக்கும் விதிகள் 2009இலும் 2010இலும் உறுதிபெற்றன. உள்ளே சென்று பார்ப்பவரும் நெருக்குதலுக்கு ஆளானால் பாராதவரைவிட மேலாக மாட்டார் என்பது இதன் படிப்பினை.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக வீடுகளுக்குள் செல்வது இயலாமற்போனபோது, வெளிப்புற ஆய்வும் மேசை மதிப்பீடும் தற்காலிகமாகப் பரவலாக ஏற்கப்பட்டன. 2022 மார்ச் முதல் மேசை மதிப்பீடு நிலையான முறைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் அது எல்லாக் கடனுக்கும் திறந்துவிடப்படவில்லை. தாமே குடியிருக்க வாங்கும் ஒற்றைக் குடும்ப வீடாக இருக்க வேண்டும். கடன் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். தரை வரைபடம் இணைக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. கணினிக் கணிப்புகளின் தரக் கட்டுப்பாட்டுக்கென 2024இல் இறுதி செய்யப்பட்ட விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

இவ்வளவும் அங்கு இயன்றதற்கு ஓர் அடிப்படை உண்டு. 2012 முதல், வீட்டுக் கடன்களை வாங்கும் இரு பெரும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படும் மதிப்பீட்டு அறிக்கைகள் ஒரே வடிவில் மின்தளத்தில் சேர்ந்துவருகின்றன. ஆகவே இன்று பார்க்காமல் மதிப்பிடப்படும் பல வீடுகள், முன்னர் ஒருமுறையேனும் ஒருவர் உள்ளே சென்று அளந்து எழுதிய வீடுகளே. முந்தைய முழு ஆய்வுகளின் சேமிப்பிலிருந்தே இன்றைய குறைந்த ஆய்வு செலவு செய்கிறது.

நம் நாட்டின் நிலை

அத்தகைய சேமிப்பு நம்மிடம் எந்த அளவுக்கு உள்ளது?

முதலாவதாக, விற்பனைப் பதிவுகள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி வீட்டு விற்பனை பதிவு செய்யப்படுகிறது. ஆனால் பத்திரத்தில் எழுதப்படும் தொகை எப்போதும் கைமாறிய தொகையாக இருப்பதில்லை. முத்திரைத் தீர்வையையும் வரியையும் குறைக்கும் பொருட்டு விலை குறைத்துக் காட்டப்படுவது நெடுநாளையப் பழக்கம். இதைத் தடுக்கவே, தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு, தில்லியில் வட்ட விகிதம், மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர் என்று மாநிலங்கள் குறைந்தபட்ச மதிப்புகளை நிர்ணயித்துள்ளன. இவை வரி வசூலுக்காக ஏற்பட்டவை. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே மதிப்பைத் தருபவை. சில இடங்களில் சந்தை விலைக்குக் கீழும், சந்தை தளர்ந்த இடங்களில் மேலும் நிற்பவை. மேசையிலிருந்து மதிப்பிடுவோர் இவற்றையே முழு ஆதாரமாகக் கொண்டால் பிழை நேரும்.

இரண்டாவதாக, விலைக் குறியீடுகள். தேசிய வீட்டுவசதி வங்கி 2007இல் தொடங்கிய ரெசிடெக்ஸ் குறியீடு பல நகரங்களின் வீட்டு விலைப் போக்கைக் காட்டிவருகிறது. அதன் ஒரு வகை, வங்கிகளும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் கடன் வழங்கும்போது செய்த மதிப்பீடுகளையே அடிப்படையாகக் கொண்டது. இங்கு ஒரு சுழற்சி இருப்பதை மாணவர்கள் உணர வேண்டும். மதிப்பீடுகளிலிருந்து குறியீடு பிறக்கிறது. குறியீட்டைக் கொண்டு பாராத வீடுகளை மதிப்பிடத் தொடங்கினால், அம்மதிப்பீடுகள் மீண்டும் குறியீட்டில் சேரும். நேரில் கண்ட மதிப்பீடுகள் வற்றிப்போனால், குறியீடு தன் நிழலையே அளந்துகொண்டிருக்கும்.

மூன்றாவதாக, வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே உள்ள தொலைவு. அனுமதி பெற்றது ஒன்று, கட்டியது மற்றொன்று என்னும் நிலை நம் நகரங்களில் அரிதன்று. மும்பையின் வோர்லிப் பகுதியில் 1980களில் எழுந்த ஒரு குடியிருப்பு வளாகத்தில் ஐந்து மாடிகளுக்கே அனுமதி இருந்தது. கட்டடங்கள் அதற்கும் மேல் உயர்ந்தன. அந்த மேல்மாடிகளை முறைப்படுத்தக் கோரிய குடியிருப்போரின் கோரிக்கையை 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணிப் பார்த்தாலே புலப்பட்டிருக்கக்கூடிய குறை, பல குடும்பங்களின் சேமிப்பைப் பாதித்தது.

இத்தகைய நிலையைக் கருதியே, தில்லி உயர் நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணை பிறப்பித்தது. அனுமதி பெற்ற வரைபடத்தின் படி இன்றிக் கட்டடக் கடன் வழங்கலாகாது. கட்டுமானம் வரைபடத்தின்படி நடைபெறுவதாக வங்கி நியமிக்கும் கட்டடக் கலைஞர் ஒவ்வொரு கட்டத்திலும் சான்றளிக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டை வாங்குவதானாலும் பணம் வழங்குவதற்கு முன் அத்தகைய சான்று வேண்டும் என்று அந்த ஆணை கூறிற்று. இடத்துக்குச் செல்லாமல் இச்சான்றை எவரும் மனமறிந்து தர இயலாது.

நான்காவதாக, கட்டடத்தின் உறுதி. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து விழுந்தன. வாகனங்கள் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களின் மீது மட்டும் நிறுத்தியிருந்த அமைப்பு அவற்றின் பலவீனங்களுள் ஒன்று. வெளித்தோற்றத்தில் அவை நல்ல கட்டடங்களே. கட்டடக் கலையறிந்தவர் கீழ்த்தளத்தில் நின்று பார்த்தால்தான் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியும்.

நேரடி ஆய்வு மட்டும் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று கொள்வதும் தவறு. கேரளத்தின் கொச்சியை அடுத்த மரடில், கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நான்கு அடுக்குமாடி வளாகங்கள், 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றின் அறைகளை எவ்வளவு நுணுக்கமாக அளந்திருந்தாலும் அந்தக் குறை தெரிந்திராது. அது அனுமதிக் கோப்புகளில் இருந்தது. கண் காண்பது ஒரு பாதி. காகிதம் காட்டுவது மறுபாதி. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தொகையா, சொந்தப் பங்கா?

குறைந்த ஆய்வுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் சிறு கடன்களின் செலவைப் பற்றியது. ஓர் ஆய்வுக்கு 3,000 ரூபாய் செலவாகும் எனக் கொள்வோம். 90 லட்சம் ரூபாய்க் கடனில் அது ஒரு பொருட்டன்று. 18 லட்சம் ரூபாய்க் கடனில் அதே செலவின் சுமை, விழுக்காட்டளவில், ஐந்து மடங்கு. எனவே சிறு கடன்களுக்கு ஆய்வைத் தளர்த்தலாம் என்று தோன்றும். அமெரிக்க விலக்கின் வரம்பும் கடன் தொகையைக் கொண்டே அமைந்தது.

நம் விதிகளோடு வைத்துப் பார்த்தால் இவ்வாதம் தலைகீழாகிறது. 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 90 விழுக்காடாகிய 18 லட்சம் கடன் வழங்கப்படுகிறது. வீட்டின் உண்மை மதிப்பு எழுதியதைவிடப் பத்து விழுக்காடு குறைவானால், சொந்தப் பங்கு முழுவதும் மறைந்து, கடனும் மதிப்பும் சமமாகிவிடுகின்றன. 1 கோடியே 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 75 விழுக்காடாகிய 90 லட்சம் கடன். அதே பத்து விழுக்காடு பிழை நேர்ந்தாலும், உண்மை மதிப்பாகிய 1 கோடியே 8 லட்சத்தில் கடன் 83 விழுக்காடுதான். ஆகவே எந்தக் கடனில் ஆய்வுச் செலவு உறுத்துகிறதோ, அந்தக் கடனில்தான் பிழையைத் தாங்கும் இடைவெளி மிகக் குறுகியது.

நிறுவனத்துக்கு ஒரு சிறு கடனின் நட்டம் சிறிதே. ஆயிரம் கடன்களிடையே அது பரவிவிடும். குடும்பத்துக்கோ அது ஒரே வீடு. ஆண்டுக்கணக்கில் சேர்த்த இரண்டு லட்சமும், நகை விற்ற பணமும் அதில் அடங்கியிருக்கும். தாம் வாங்கும் வீட்டைத் தாமே பொறியாளரைக் கொண்டு ஆராயும் வழக்கமும் வசதியும் சிறு வருவாயினரிடம் இல்லை. வங்கியே கடன் தந்தால் வீடு சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு அறிக்கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

எனவே ஆய்வைக் குறைக்கும் சலுகைக்கு அளவுகோலாகக் கடன் தொகையைக் கொள்ளாமல் சொந்தப் பங்கைக் கொள்வதே பொருத்தமாகும். ஏற்கனவே முழு ஆய்வு செய்யப்பட்ட வீட்டின் மீது, பெரும்பகுதி கடன் அடைந்த நிலையில், கூடுதலாகச் சிறு தொகை கோரும்போது மேசை மதிப்பீடு போதும். மதிப்பில் பாதிக்கும் குறைவாகவே கடன் கோருவோருக்கு வெளிப்புற ஆய்வு போதுமானதாக இருக்கலாம். ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடித் திட்டத்தில், திட்டத்தை ஒருமுறை முழுமையாக ஆராய்ந்தபின் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஆய்வைச் சுருக்கலாம். கொடுத்துள்ள கடன்களின் ஈட்டு மதிப்பை நிறுவனம் ஆண்டுதோறும் மறுமதிப்பீடு செய்யக் கணினிக் கணிப்பும் உதவும். ஆனால் முதன்முறை வாங்கும் வீடு, பழைய தனி வீடு, மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கடன் ஆகியவற்றில் முழு ஆய்வைத் தவிர்க்கலாகாது.

செலவைக் குறைக்க வேறு வழிகள்

ஆய்வைக் கைவிடாமலேயே அதன் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. ஒரே வட்டாரத்தில் உள்ள பல விண்ணப்பங்களுக்கு ஒரே நாளில் ஆய்வை முடிக்கலாம். நிறுவனங்கள் பல சேர்ந்து சிறு நகரங்களுக்குப் பொதுவான மதிப்பீட்டாளர் குழுவை அமைக்கலாம்.

2016இல் தொடங்கப்பட்ட ஊரகப் பகுதிகளுக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டம் இவ்வகையில் ஒரு வழியைக் காட்டியுள்ளது. அதில் வீடு கட்டுவோருக்குக் கடன் அன்று, மானியமே வழங்கப்படுகிறது. எனினும் கட்டுமானத்தின் ஒவ்வொரு நிலையிலும், இடமும் நேரமும் பதிவாகும் படங்கள் எடுக்கப்பட்டு, அவற்றின் அடிப்படையில் தவணைகள் விடுவிக்கப்படுகின்றன. இத்தகைய படங்களை நிறுவனத்தின் சொந்த அலுவலர் எடுத்து, மதிப்பீட்டாளர் தம் இடத்திலிருந்து ஆராய்வதும் ஓர் இடைப்பட்ட முறையாகும். படமெடுப்பவர் அவ்வீட்டின் விற்பனையில் நாட்டமற்றவராக இருத்தல் வேண்டும்.

கிராமப்புறங்களில் தடை வேறு வகையானது. ஊர்நத்தப் பகுதிகளில் உள்ள பல வீடுகளுக்கு உரிமை ஆவணமே இல்லாதிருந்தது. 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ் ஆளில்லா விமானங்களால் அளவை செய்து, வீட்டுரிமையாளருக்குச் சொத்து அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. வானிலிருந்து எடுத்த அளவை கூரையின் பரப்பைக் காட்டும். கூரைக்குக் கீழுள்ள மண்சுவரைக் காட்டாது. அந்த அட்டையை ஏற்று முதன்முதலாகக் கடன் வழங்கும் நிறுவனம், அவ்வீட்டைச் சென்று பார்த்து எழுதும் முதல் அறிக்கை, பின்வரும் பல கடன்களுக்கு ஆதாரமாக அமையும்.

அறிக்கை எவ்வாறு அமைய வேண்டும்?

மதிப்பீட்டாளர் தகுதி பெற்றவராகவும் சுதந்திரமானவராகவும், சொத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் அற்றவராகவும் இருத்தல் வேண்டும் என ரிசர்வ் வங்கி 2007 ஜனவரியில் வங்கிகளுக்கு வலியுறுத்தியது. 50 கோடி ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துகளுக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் பெற வேண்டும் என்றும் கூறியது. பெரிய சொத்துக்கு இரு கண்கள் வேண்டும் என்பது இதன் கருத்து. சிறு சொத்துக்கு ஒன்றேனும் வேண்டாமா?

ஆய்வு எந்தப் படியில் நடந்தாலும் அறிக்கையில் சில செய்திகள் தெளிவாக இடம்பெற வேண்டும். வீட்டை யார், எந்த நாளில், எங்கிருந்து பார்த்தார் என்பது முதலாவது. பரப்பு அளந்து எழுதப்பட்டதா, ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்பது இரண்டாவது. எந்தப் பரப்பு என்பதும் விளங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் பரப்பை வரையறுத்துள்ளது. பொதுவழிகளையும் சேர்த்துக் கூறப்படும் மொத்தப் பரப்போடு அதனைக் குழப்பினால் மதிப்பே மாறிவிடும். மூன்றாவதாக, ஒப்பிட்ட விற்பனைகள் எவை, அவற்றின் விலை எங்கிருந்து பெறப்பட்டது என்பது. நான்காவதாக, பாராத பகுதிகள் பற்றிய ஊகங்கள் எவை, அவை தவறானால் மதிப்பு எவ்வளவு குறையும் என்பது. முன்னர்க் காட்டிய எடுத்துக்காட்டில், ‘உட்புறம் பார்க்கப்படவில்லை, வயது பத்து ஆண்டு எனவும் முழுவதும் கான்கிரீட் கூரை எனவும் கொள்ளப்பட்டது’ என்னும் ஒரு வரி இருந்திருந்தால், கடனை ஒப்பளிக்கும் அலுவலர் அந்த இடத்திலேயே நின்று யோசித்திருப்பார்.

அறிக்கையின் படி ஒன்றைக் கடன் பெறுவோருக்கும் தருவது நன்று. அமெரிக்காவில் 2014 முதல் அது கட்டாயமாக உள்ளது. தாம் வாங்கும் வீட்டை எவரும் உள்ளே சென்று பார்க்கவில்லை என்பதை அறியும் உரிமை அதற்கு விலை கொடுப்பவருக்கு உண்டு.

முடிவுரை

வீட்டுக் கடன் விரைவாகவும் குறைந்த செலவிலும் கிடைக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க இயலாது. குறைந்த ஆய்வு முறைகளுக்கு அதில் உரிய இடம் உண்டு. நம்பகமான விற்பனைப் பதிவுகளும், முன்னர்ச் செய்த முழு ஆய்வுகளும், போதிய சொந்தப் பங்கும் ஒருங்கே அமைந்த கடன்களில் அவற்றைத் தயக்கமின்றிக் கையாளலாம். இம்மூன்றும் இல்லாத இடத்தில், அதாவது சிறு நகரத்தில் பழைய வீட்டை 90 விழுக்காடு கடனில் முதன்முதலாக வாங்கும் குடும்பத்தின் நேர்வில், மதிப்பீட்டாளர் அவ்வீட்டின் படியேறி உள்ளே செல்வது இன்றியமையாதது. கடனை ஒப்பளிக்கும் அலுவலர், அறிக்கையின் கடைசிப் பக்கத்திலுள்ள தொகையைப் படிப்பதற்கு முன், வீட்டை யார் எங்கிருந்து பார்த்தார் என்னும் வரியைத் தேடிப் படிப்பதை வழக்கமாகக் கொள்ளல் வேண்டும்.